பாப்பர் மனு

கோர்ட் கட்டணம் கட்ட வழியில்லாதவர் போடும் மனுவுக்கு வக்கீல்களிடையே பழகிய பெயர் 'பாப்பர் மனு'. லத்தீனில் 'பாப்பர்' என்றால் ஏழை. ஏழைகள் கட்டணமின்றி வழக்காட இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றி 1495-இல் சட்டம் செய்தார். அந்த வழியில் வந்த சொல் இது.

நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆம் கட்டளையிலும் அதுவே இருந்தது. 1976 திருத்தம் அதை எடுத்துவிட்டு, வறியவர் என்று பொருள்படும் வேறு சொல்லை வைத்தது. மானமுள்ள மாற்றம்.

யார் வறியவர்? மனுதாரரின் சொத்தைக் கணக்கிடும்போது உடுதுணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, கைத்தொழில் கருவிகள், மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை எதுவும் சேராது. தாலியை விற்றுக் கட்டணம் கட்டு என்று எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது.

ஆனால் வறியவருக்குத் தரும் இந்தக் கட்டண விலக்கு முழுத் தள்ளுபடி அல்ல. வழக்கில் தோற்றால் அந்தக் கட்டணத்தை மனுதாரரே செலுத்த உத்தரவு வரும்.