கலங்கல் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும்

திருத்தணி மலையின் 365 படிகளை ஏறிச் சாமி பார்த்து வெளியே வந்தவர்கள் கண்ணை வடக்கே ஓட்டுவார்கள். நகரி மலைகள் அந்தப் பக்கம். சைக்கிள்காரருக்கு வேலை எதிர்ப்பக்கத்தில்தான். தெற்கிலும் கிழக்கிலும் பெரிய மேடு பள்ளம் எதுவுமின்றி நிலம் விரிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றாத ஆண்டில், தை மாதம் பார்த்தால் வயலும் ஏரியும் மாறி மாறித் தெரியும்.

இந்தச் சமவெளியில் ஒரு பகலில் போய்த் திரும்ப இரண்டு வழிகள் உண்டு. தெற்கே போனால் அரக்கோணம், மகேந்திரவாடி, பனப்பாக்கம் வழியாகக் காவேரிப்பாக்கம் ஏரி. ஒரு வழிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். கிழக்கே போனால் திருவாலங்காடு வழியாகப் பூண்டி நீர்த்தேக்கம்; அதைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டுமே தட்டை நிலம், இரண்டுமே பெரிய தண்ணீரில் போய் முடிகின்றன. வரைபடத்தில் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று சளைத்ததில்லை. மிதித்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். அந்தத் தண்ணீர் யாருக்காக நிற்கிறது என்பதுதான் வேறுபாடு. அதை வைத்துத்தான் சாலையின் குணமும் அமைகிறது என்பது என் கட்சி.

தெற்கு வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். அரக்கோணம் வரை சொல்ல ஒன்றுமில்லை; பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் ஒதுக்கித் தள்ளும் சாலை, விடியற்காலையிலேயே கடந்துவிடுவது நல்லது. ஊரைத் தாண்டிச் சின்னச் சாலைக்குள் நுழைந்த பிறகுதான் பயணம் தொடங்குகிறது. மகேந்திரவாடியில் வயலுக்கு நடுவே தனியாகக் கிடக்கும் ஒரே பாறையைக் குடைந்து பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் விஷ்ணுவுக்குக் கோயில் எடுத்தான். ஏழாம் நூற்றாண்டு. அந்தக் கோயில் மகேந்திர தடாகத்தின் கரையில் எழுந்தது என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. அரசன், ஊர், கோயில், ஏரி நான்குக்கும் ஒரே பெயர். கோயில் இன்று தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. ஏரி யாருடைய காட்சிப்பொருளாகவும் ஆகவில்லை. பாலாற்று அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாயில் நிரம்பி, மதகு வழியாக வயலுக்குப் பாய்ந்துகொண்டுதான் இருக்கிறது. 1,400 ஆண்டு வேலையில் இருக்கும் ஒரு கட்டுமானத்தின் ஓரமாகச் சைக்கிள் விடுகிறோம் என்பது எனக்குக் குடைவரையைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்தச் சின்னக் குடைவரையும் அழகுதான், அதில் சண்டையில்லை.

ஏரிக்கரை மேல் ஏறியதும் ஒன்று புரியும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அதைவிடத் தாழ்வாக வயலும் ஊரும். பம்பு எதுவும் வேண்டாம், மதகைத் தூக்கினால் தண்ணீர் தானே இறங்கும். அதனால் வயல் கரையை ஒட்டியே தொடங்குகிறது. வயலை ஒட்டி ஊர் இருக்கிறது. மதகு திறக்கப் போகிறவர், மாடு ஓட்டுகிறவர், மீன் குத்தகைக்காரர், கரைமேல் இருக்கும் கன்னியம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போகிறவர் எல்லாருக்கும் கரை வழியாகவே நடமாட்டம். சைக்கிளுக்கு என்று யாரும் போட்ட பாதை இல்லை. நடந்து நடந்து இறுகிய பாதை. ஓரமாகப் பனைகள். இறங்கினால் சில கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை, காற்றடிக்கும் பம்பு வைத்த பஞ்சர் கடை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும் நாட்களில் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள்.

இந்த வழியில் நீங்கள் வேடிக்கைப் பொருளும் ஆகமாட்டீர்கள். அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடத்துப் பெண்கள் மூன்று நான்கு பேராகச் சாலையை அடைத்துப் பேசிக்கொண்டே எதிரில் வருவார்கள். மாணவிகளுக்கு இலவச சைக்கிள் என்ற திட்டம் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிப் பிறகு எல்லாருக்கும் விரிந்தது. வண்டிகள் பக்கத்திலேயே செய்யப்பட்டதும் உண்டு: திருத்தணிச் சாலையில் அன்று சென்னைக்கு அருகே இருந்த அம்பத்தூரில்தான் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. நாலாயிரம் ரூபாய் வண்டியும் நாற்பதாயிரம் ரூபாய் வண்டியும் இந்தக் கரையில் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் போகும்.

காவேரிப்பாக்கம் ஏரியும் பல்லவர் காலத்தது. மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயரால் ஊருக்கே அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர் இருந்தது. கரை எட்டுக் கிலோமீட்டர் அளவுக்கு நீள்கிறது. ஏரி பாலாற்றை நம்பி வாழ்கிறது, பாலாறு யாரையும் நம்பவிடுவதில்லை. 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. வேறு பல ஆண்டுகளில் வெறும் மணல்தான். தண்ணீர் இல்லாத ஆண்டில் இங்கே வருகிறவர் ஏரிக்கு உள்ளே வேலிகாத்தான் புதரையும் மேயும் ஆட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான். போதாக்குறைக்குச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது. அவ்வளவு தூரம் அமைதியாக வந்த காதுக்கு அந்த இரைச்சல் அடி விழுந்த மாதிரி. அதனால் கரையைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிடுவது உத்தமம்.

கிழக்கு வழியின் தொடக்கம் தெற்கைவிட நன்றாகவே இருக்கும். நிலம் கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. கால் அதை உணராது, வேகம் உணரும். பிற்பகலில் திரும்பும்போது கடற்காற்று வீசினால் அது முதுகைத் தள்ளும். திருவாலங்காட்டில் நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தினசபை இருக்கிறது. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்ததாகச் சொல்லப்படும் தலம் இதுதான். இராசேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடுகளும் இந்த ஊர்ப் பெயரால்தான் அறியப்படுகின்றன. அரைமணி நேரம் நின்று பார்க்கலாம். கூட்டுறவு சர்க்கரை ஆலையும் இங்கே உண்டு. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்துவது கடினம், முந்தாமல் இருப்பதும் கடினம்.

பூண்டி வேறு உலகம். அது விவசாயத்துக்காகக் கட்டிய ஏரி அல்ல. சென்னையின் குடிநீருக்காகக் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டிய அணை. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி இதற்காகப் பாடுபட்டு வேலையைத் தொடங்கிவைத்தார். 1943இல் அவர் மறைந்தார், அணை 1944இல் திறக்கப்பட்டது. சத்தியமூர்த்தி சாகர் என்று அதற்குப் பெயர். கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1996 முதல் ஆந்திரத்தின் கண்டலேறுவிலிருந்து கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீரும் இங்கே வந்து சேர்கிறது.

இந்தத் தண்ணீருக்கு இடம் கொடுத்தது திருவெண்பாக்கம். கண்ணிழந்த சுந்தரருக்குச் சிவன் ஊன்றுகோல் கொடுத்த தலம் என்று பெரியபுராணம் அறிந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கோயில் நீர்ப்பரப்புக்குள் போயிற்று. மூர்த்திகளை எடுத்து வந்து பூண்டியில் புதுக் கோயில் கட்டினார்கள். மகேந்திரவாடியில் ஏரியால் ஒரு கோயில் எழுந்தது, இங்கே ஏரியால் ஒரு கோயில் இடம்பெயர்ந்தது. தண்ணீர் முழுவதும் தொலைவில் இருக்கும் நகரத்துக்குப் போவதால் அணைக்கரையைச் சார்ந்து ஊர் வளரக் காரணமில்லை. குடிநீர் என்பதால் கட்டுப்பாடும் காவலும் உண்டு, அது நியாயமும்கூட. சைக்கிளை நிறுத்திவிட்டு மதகுக் கதவுகளைப் பார்க்கலாம், கூழைக்கடாவைப் பார்க்கலாம். கரையோடு கரையாக உருட்டிப் போகும் சுகம் கிடைக்காது. ஒப்பிட்டால் பூண்டியின் நீர்ப்பரப்புதான் கண்ணுக்குப் பெரிய விருந்து. ஆனால் அங்கே நாம் பார்வையாளர்.

பூண்டிக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று இருக்கிறது, அது தண்ணீரைப் பற்றியதல்ல. அருகில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே சாந்தி பப்பு குழுவினர் நடத்திய அகழாய்வின் முடிவு 2011இல் வெளியானது. சில கருவிகளுக்கு 15 இலட்சம் ஆண்டு வயது என்று அது காட்டியது. பல்லவரே நேற்று வந்தவர் ஆகிவிடுகிறார். பூண்டியில் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. கைக்கோடரிகளைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். வெயில் ஏறிய நேரத்துக்கு ஏற்ற இடம்.

இவ்வளவு வேறுபட்ட இரண்டு தண்ணீரும் ஒரே ஆற்றால் கட்டுப்பட்டவை. காவேரிப்பாக்கம் நிரம்பிக் கலங்கல் வழிந்தால் உபரி கொசஸ்தலைக்குப் போகிறது. தக்கோலத்துக்கு அருகே கேசாவரம் அணைக்கட்டில் அதிலிருந்து கூவம் பிரிகிறது. சென்னைக்காரர் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அதே கூவம். மீதி பூண்டிக்கு ஓடுகிறது. பழைய ஒழுங்கு அதுதான்: வயல் குடித்தபின் மிஞ்சியது கீழே போகும். திருத்தணியின் நந்தியாறும், கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் பள்ளிப்பட்டுக் கரையோர ஊர்களைப் பதறவைக்கும் வெள்ளமும் கடைசியில் பூண்டியில்தான் சேர்கின்றன. கால் பலம் இருப்பவர்கள் தெற்கே போய்த் திரும்பும்போது தக்கோலத்தைத் தொட்டு வரலாம். 949இல் சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மேலிருந்தபடியே மாண்ட போர்க்களம் அது. வீராணம் ஏரியை வெட்டுவித்தவன் என்று மரபு அவனைத்தான் சொல்கிறது.

ஒரு நாள்தான் இருக்கிறது, எதற்குப் போவது என்று கேட்டால் தயங்காமல் தெற்கு என்பேன், மழை பெய்த ஆண்டாக இருந்தால். மழை பொய்த்த ஆண்டில் பூண்டிக்குப் போங்கள். ஏரி ஏமாற்றினாலும் கற்கருவிகள் இருக்கும். ஆடிக் கிருத்திகையை ஒட்டிய நாட்களில் இரண்டும் வேண்டாம். சாலை முழுக்கக் காவடி எடுப்பவர்கள், அது அவர்களுடைய நாள். இரண்டு டியூப், கைப்பம்பு, கருவேல முள்ளைப் பிடுங்க ஒரு குறடு கட்டாயம். தையில் போகிறவர்களுக்கு இன்னொன்று: அறுவடை நேரத்தில் தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். அதன்மேல் ஓட்டாதீர்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.