புண்ணாக்கிலிருந்து கடலைக் கொல்லைக்கு: ஒரு பூஞ்சாண நஞ்சை எதிர்கொண்ட வரலாறு

புதுக்கோட்டை மாவட்டம் திருவரங்குளம் வட்டாரத்துச் செம்மண் கொல்லைகளில் நிலக்கடலை ஆடிப் பட்டத்தில் மானாவாரியாகவும், மார்கழிப் பட்டத்தில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரிலும் விளைகிறது. இரண்டு பட்டத்துக்கும் பொதுவான பகை ஒன்று அந்த மண்ணிலேயே குடியிருக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சாணமும் அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சும்தான் அது. இந்த நஞ்சுக்கு எதிரான முயற்சி தீவனத் தொட்டியில் தொடங்கி, கிடங்குக்கும் களத்துக்கும் பின்வாங்கி, கடைசியில்தான் வயலுக்கு வந்தது. வயலுக்கு வந்த பிறகும் அந்தச் செலவை உழவர் தலையிலேயே விட்டுவிட்டோம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கைத் தின்றவை அவை. மறு ஆண்டே பூஞ்சாணம் அடையாளம் காணப்பட்டது. புற ஊதா ஒளியில் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிர்ந்த அதன் நஞ்சுக் கூறுகளுக்கு பி, ஜி என்று பெயரிட்டார்கள். அவற்றுள் கொடியது பி1. அது கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது என்று பின்னாளில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்தது.

இந்தியாவுக்கு இந்தச் செய்தி மிகச் சங்கடமான நேரத்தில் வந்தது. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், மூன்று பங்கு கடலைப் புண்ணாக்கு மாவும் ஒரு பங்கு கொண்டைக்கடலை மாவும் சேர்த்துச் சத்துணவு ஒன்றை உருவாக்கியிருந்தது. ஏழைக் குழந்தைகளின் புரதக் குறைவுக்கு அதுவே மலிவான மருந்து என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்தது. குன்னூரிலிருந்து ஐதராபாத்துக்குப் பெயர்ந்திருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் மாதவன், துல்புலே, கோபாலன் ஆகியோர் இந்த நஞ்சு குரங்குகளின் கல்லீரலைச் சிதைப்பதை 1965இல் வெளியிட்டனர். பசித்த குழந்தைக்கு எவ்வளவு நஞ்சைப் பொறுக்கலாம் என்று கணக்கிட வேண்டிய நிலை வந்தது. கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என்று ஐ.நா. அமைப்புகளின் புரத ஆலோசனைக் குழு வகுத்தது. இந்தியச் சட்டமும் நெடுங்காலம் அந்த எண்ணையே பிடித்திருந்தது.

1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களில் பூஞ்சாணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற பழங்குடியினருள் 106 பேர் இறந்தனர். பருவம் தவறிய மழையும் ஈரத்தோடு சேமித்ததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அது சரியான முடிவு. ஆனால் அஃப்ளாடாக்சின் என்றாலே கிடங்கின் கோளாறு என்ற எண்ணம் அதனால் இன்னும் இறுகிப்போனது.

கடலையைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பாதிதான் சரி. 1980களில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பாத்திகளின் ஈரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்திச் செய்த சோதனைகள் இதைத் தெளிவாக்கின. அறுவடைக்கு முந்தைய நான்கு முதல் ஆறு வாரங்களில் மண் வறண்டு, காய் கிடக்கும் ஆழத்தில் சூடு 30 பாகை செல்சியஸை ஒட்டி நின்றால், காய் மண்ணுக்குள்ளேயே நஞ்சேறிவிடுகிறது. ஈரம் உள்ளவரை பருப்பு தன் தற்காப்பு வேதிப்பொருளைச் சுரந்து பூஞ்சாணத்தைத் தடுக்கிறது; காய்ச்சலில் அந்தச் சுரப்பு நின்றுவிடுகிறது. கரையான் அரித்த ஓட்டுக்கும் காய்ப்புழு துளைத்த ஓட்டுக்கும் காவலே இல்லை. அப்படிப்பட்ட பருப்பை இரண்டாகப் பிளந்தால் நடுவிலுள்ள பள்ளத்தில் மஞ்சள்பச்சைப் பொடி தெரியும். வெளித்தோல் பெரும்பாலும் பழுதில்லாமலே இருக்கும். கண்ணால் பார்த்துப் பொறுக்குவதன் எல்லை அங்கேயே தெரிந்துவிடுகிறது.

இந்த அறிவு வந்த பிறகு, பழைய பரிந்துரைகளுக்கும் புதுப் பொருள் கிடைத்தது. மண் அணைக்கும்போது எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடச் சொல்வது காய் திரள்வதற்காக; அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து ஓட்டை இறுக்கிப் பூஞ்சாணத்தின் வழியையும் அடைக்கிறது. விதைநேர்த்திக்கும் தொழுவுரத்தோடு மண்ணில் இடுவதற்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் டிரைக்கோடெர்மா விரிடி, முதன்மையாக வேரழுகலுக்கானது. நஞ்சுப் பூஞ்சாணத்துடன் அது போட்டியிடுவது கூடுதல் பலன். அதை மட்டும் நம்பிக் கடைசித் தண்ணீரைத் தவறவிடக் கூடாது. நஞ்சு சுரக்காத ஃபிளேவஸ் வகையையே வயலில் தூவி, சுரக்கும் வகையை ஒதுக்குவது இன்னொரு வழி. அரிசோனாவின் பருத்தி வயல்களில் வளர்ந்த இம்முறை அமெரிக்கக் கடலைக்கும் நைஜீரியாவின் மக்காச்சோளத்துக்கும் பரவியது. கோயம்புத்தூர் ஆய்வகத்தில் ஓமச் சாறும் ஆடாதோடை இலைச் சாறும் இந்த நஞ்சைச் சிதைத்திருக்கின்றன. நம்பிக்கை தரும் முடிவுதான். சோதனைக் குழாயிலிருந்து கொல்லைக்குத் தூரம் அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பறித்த பிறகு வேலை எளிது, ஆனால் ஆள் வேண்டும். செடியைக் காய் மேலாகக் கவிழ்த்துக் காயவைத்து, குலுக்கினால் பருப்பு கலகலக்கும் பதத்தில் மூட்டை கட்ட வேண்டும். உடைக்கும் முன் காயில் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் முழுப் பருப்பைத் தருகிறது, எடையையும் கூட்டுகிறது. காப்பாற்றிய பருப்பு அந்த ஈரத்திலேயே கெடவும் கூடும்.

இது ஏற்றுமதியாளரின் கவலை மட்டும் என்று நினைப்பவர்கள் 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்திய பால் ஆய்வைப் பார்க்கலாம். தீவனத்தில் இருக்கும் பி1 நஞ்சு, மாட்டின் உடலில் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்கும். நாடெங்கும் 6,432 மாதிரிகளில் 368 வரம்பை மீறின. தமிழ்நாட்டில் மட்டும் 551க்கு 88. செக்கில் ஆட்டிய பிறகு நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில்தான் தங்குகிறது. சொத்தைப் பருப்பும் செக்குக்கே போகிறது.

நேரடியாக உண்ணும் கடலைக்கு ஐரோப்பா கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் என்கிறது. இந்தியா 10 என்கிறது. இவை துறைமுகத்திலும் ஆலையிலும் அளக்கப்படும் எண்கள். உழவர் விற்கும் இடத்தில் எடையும் பருப்புத் தேறுதலும்தான் விலை. கடைசி மாதம் டீசல் எரித்துத் தண்ணீர் பாய்ச்சியவருக்கும் பாய்ச்சாதவருக்கும் ஒரே விலை கிடைக்கும்வரை எந்தப் பரிந்துரையும் தாளில்தான் இருக்கும். திருவரங்குளத்தை ஒட்டிய வம்பனில் பல்கலைக்கழகத்தின் பயறு ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. பட்டை வடிவச் சோதனைக் கருவியில் சில நிமிடங்களில் நஞ்சை அறிந்துவிடலாம். இந்த இரு நிறுவனங்களின் துணையோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அந்தச் சோதனையை அரசு செலவில் செய்து, தேறிய மூட்டைக்குக் கூடுதல் விலை அறிவிக்கும் முயற்சியை இந்த வட்டாரத்திலேயே தொடங்கலாம்.