ஒடிசா கடற்கரையில் கூதிர் காலம்: எப்போது, எங்கே, எதைக் காணலாம்?

தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி மாதத்தில், வங்கக் கடலின் அதே கரையில் வடக்கே அமைந்த ஒடிசாவில் மழை விடைபெறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அக்டோபர் நடுப்பகுதியில் அம்மாநிலத்தை விட்டு விலகுவதால் வானம் தெளிகிறது, புழுக்கம் தணிகிறது, காற்றின் திசை மாறுகிறது. வட இந்தியர் இலையுதிர் காலம் என்றும், பண்டைத் தமிழர் கூதிர் என்றும் வழங்கிய இப்பருவம், ஒடிசா கடற்கரைக்குச் செல்லும் பயணிகளுக்கு ஏற்ற காலமாகக் கருதப்படுகிறது.

ஆயினும் இதே மாதங்கள்தாம் வங்கக் கடலின் புயல் காலமும் ஆகும். வலசைப் பறவைகளையும் திருவிழாக்களையும் அழைத்துவரும் பருவமே புயலையும் கொண்டுவருகிறது. இரண்டையும் அறிந்து திட்டமிடுவோருக்கே இப்பயணம் நிறைவாக அமையும். அக்டோபர் முதல் டிசம்பர் முதல் வாரம் வரை ஒடிசா கடற்கரையில் காணத்தக்கவை, கவனிக்கத்தக்கவை குறித்த தொகுப்பு வருமாறு.

சிலிகா: பறவைகள் வந்திறங்கும் ஏரி

பூரி, குர்தா, கஞ்சம் ஆகிய மூன்று மாவட்டங்களைத் தொட்டுக் கிடக்கும் சிலிகா, ஆசியாவின் மிகப்பெரிய உவர்நீர்க் காயல் ஆகும். மழைக்காலத்தில் இதன் பரப்பு ஏறத்தாழ 1,165 சதுர கிலோமீட்டர் வரை விரிகிறது. கோடையில் 900 சதுர கிலோமீட்டரை ஒட்டிச் சுருங்குகிறது. மழை முடிந்து நீர்மட்டம் இறங்கும்போது வெளிப்படும் சேற்றுநிலமும் ஆழமற்ற நீரும் பறவைகளுக்கு உணவுக்களமாகின்றன. வட ஆசியாவிலிருந்தும் இமயத்துக்கு அப்பாலிருந்தும் வரும் ஊசிவால் வாத்து, வரித்தலை வாத்து, கருவால் மூக்கன் போன்றவை அக்டோபரில் வரத் தொடங்கி, டிசம்பர், ஜனவரி மாதங்களில் பெருந்திரளாகின்றன.

காயலின் நடுவே உள்ள நளபானா தீவு பறவைகள் சரணாலயமாகும். மழைக்காலத்தில் நீரில் மூழ்கியிருக்கும் இத்தீவு, கூதிர் காலத்தில் மெல்ல வெளிப்படுகிறது. பறவைகளை அருகிலிருந்து காண விரும்புவோர் பெரும்பாலும் வடகரையில் உள்ள மங்களாஜோடி சிற்றூருக்கே செல்கின்றனர். ஒரு காலத்தில் பறவை வேட்டைக்குப் பெயர்பெற்ற ஊர் இது. வேட்டையைக் கைவிட்டவர்கள் இன்று பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் படகோட்டிகளாகவும் உள்ளனர். பறவைகள் எங்கே இறங்கும், எந்த ஓசைக்குப் பறந்துவிடும் என்ற பழைய வேட்டைக்காரரின் அறிவே இன்று அவர்களுக்குச் சோறு போடுகிறது. மோட்டார் இல்லாத படகைக் கழியால் தள்ளிச் செல்வதால் பறவைகள் அஞ்சுவதில்லை. சூரிய உதயத்தை ஒட்டிய இரண்டு மணி நேரமே இங்கு சிறந்த பொழுது.

காயல் கடலோடு கலக்கும் பகுதியை ஒட்டிய சத்தபடா, ஐராவதி ஓங்கில்களுக்காக அறியப்படுகிறது. சிலிகாவில் இவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 150 மட்டுமே. படகின் சுழல்விசிறியில் அடிபடுவது இவற்றுக்குப் பெரும் ஆபத்து. எனவே, ஓங்கிலைத் துரத்திச் செல்லுமாறு படகோட்டியை வற்புறுத்தாமல், தொலைவிலேயே இயந்திரத்தை நிறுத்திக் காத்திருப்பதே முறையாகும்.

சிலிகா இன்றிருக்கும் நிலை தானாக வந்ததன்று. 1981-இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட இக்காயல், வண்டல் படிந்து கடல்வாய் அடைபட்டதால் உப்புத்தன்மை குறைந்து, மீன்வளம் நலிந்தது. 1993-இல் ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களின் பட்டியலுக்குச் சென்றது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டப்பட்ட பிறகே நிலைமை மாறியது. 2002-இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. காயலை நம்பி வாழும் மீனவ மக்களின் எண்ணிக்கை இரண்டு லட்சம் அளவில் உள்ளது என்பதால், அந்தக் கடல்வாய் திறந்திருப்பது பறவைகளைப் போலவே அவர்களுக்கும் வாழ்வாதாரமாகும்.

மேற்குக் கரையில் பாலுகானுக்கு அருகிலுள்ள பார்குலிலிருந்து காளிஜாய் தீவுக்குப் படகு செல்கிறது. மணமாகிப் புகுந்த வீடு செல்லும் வழியில் புயலில் படகு கவிழ்ந்து மூழ்கிய ஜாய் என்ற பெண்ணே இங்கு தெய்வமாக வழிபடப்படுகிறாள் என்பது ஊர்மக்கள் நம்பிக்கை. காயலில் இறங்கும் படகோட்டிகள் அவளை வணங்கிவிட்டே செல்கின்றனர்.

கார்த்திகை முழுநிலவு: மிதக்கும் படகுகளின் விழா

பழங்கலிங்கத்து வணிகர் 'போயிதா' எனப்பட்ட மரக்கலங்களில் பாலி, ஜாவா, சுமத்ரா, இலங்கை ஆகிய இடங்களுக்குச் சென்றனர். மழைக்காலம் ஓய்ந்து வடகிழக்குக் காற்று வீசத் தொடங்கும் இப்பருவமே பாய்விரிக்க உகந்ததாக இருந்தது. தென்மேற்குக் காற்று வீசும் பருவத்தில் கலங்கள் திரும்பின. அந்தப் பயணத்தின் நினைவாகக் கொண்டாடப்படுவதே 'போயித பந்தனா'. கார்த்திகை முழுநிலவு நாளில் விடியும் முன்பே மக்கள் ஆறு, குளம், கடற்கரைகளில் கூடி, வாழைமட்டை, நெட்டி, தாள் ஆகியவற்றால் செய்த சிறு படகுகளில் விளக்கேற்றி, வெற்றிலை பாக்கு வைத்து நீரில் விடுகின்றனர். சூரியன் எழுந்தபின் சென்றால் விழாவின் அழகிய பகுதியைத் தவறவிட நேரிடும்.

அன்றே கட்டாக் நகரில் மகாநதிக் கரையில், பாராபதி கோட்டைக்கு அருகே, 'பாலி யாத்திரை' என்னும் பெருஞ்சந்தை தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரம் நடைபெறும். கட்டாக்கின் புகழ்பெற்ற வெள்ளிக் கம்பி நகைவேலைப்பாடு, கைத்தறி, சுடுமண் பொருள்கள் ஒருபுறமும், தயிர்வடையும் உருளைக்கிழங்குக் குழம்பும் சேர்ந்த 'தஹிபரா ஆலுதம்', சந்தைக்கே உரிய பெரிய 'துங்கா பூரி' போன்ற உணவுகள் மறுபுறமும் குவிந்திருக்கும். மாலைகளில் நெரிசல் மிகும் என்பதால் முற்பகலில் செல்வது நல்லது.

தமிழகப் பயணிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒடிசாவின் கார்த்திகை மாதம், முழுநிலவுக்கு மறுநாள் தொடங்கி அடுத்த முழுநிலவில் முடியும் சந்திர மாதமாகும். ஆகவே, இவ்விழா பல ஆண்டுகளில் தமிழரின் திருக்கார்த்திகைக்கு ஒரு மாதம் முன்பே, ஐப்பசி முழுநிலவிலேயே வந்துவிடும். 2025-இல் இது நவம்பர் 5 அன்று அமைந்தது. எனவே, பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அந்த ஆண்டின் நாளைச் சரிபார்த்தல் வேண்டும்.

இம்மாதம் முழுவதும் ஒடிசாவில் பலர் மீனும் இறைச்சியும் உண்பதில்லை. குறிப்பாக, இறுதி ஐந்து நாள்களான 'பஞ்சுகா'வில் இக்கட்டுப்பாடு பெரும்பாலான வீடுகளில் கடைப்பிடிக்கப்படுகிறது. முழுநிலவுக்கு மறுநாள் 'சாடகாய்' எனப்படுகிறது. நோன்பை முடித்தவர்கள் மீன், இறைச்சிக் கடைகளில் வரிசையில் நிற்கும் நாள் அது. சிலிகாவின் நண்டையும் இறாலையும் சுவைக்க வருவோர் இதற்கேற்ப நாளைத் தேர்ந்துகொள்ளலாம்.

பூரியும் கோனார்க்கும்

கார்த்திகை நோன்பு நோற்கும் பெண்கள் மாதம் முழுவதும் பூரியில் தங்கி, நாளுக்கு ஒருவேளை உணவுடன் ஜகந்நாதரை வழிபடுவது வழக்கம். பஞ்சுகா நாள்களில் கோயிலில் கூட்டம் உச்சத்தை எட்டும். நெரிசலைத் தவிர்க்க விரும்புவோர் அக்டோபர் இறுதி அல்லது நவம்பர் பிற்பகுதியைத் தேர்வு செய்யலாம். கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு. கைப்பேசிக்கு அனுமதி இல்லை. தீபாவளி மாலையில் கோயிலைச் சுற்றிலும் சணல் தண்டுகளைக் கொளுத்தி உயர்த்தி முன்னோரை அழைக்கும் வழக்கம் ஒடிசாவுக்கே உரியது.

பூரியின் 'பொற்கடற்கரை' 2020-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. ஆயினும் இங்குள்ள கடல் நீரோட்டம் வலியது. கூம்பு வடிவத் தொப்பி அணிந்த 'நோலியா' எனப்படும் மீனவர்கள் குளிப்போருக்குக் காவலாக நிற்கின்றனர். அவர்கள் வேண்டாம் என்று தடுக்கும் இடத்தில் கடலில் இறங்கலாகாது.

பூரியிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், சவுக்குக் காடுகளுக்கு நடுவே செல்லும் கடலோரச் சாலையின் முடிவில் கோனார்க் உள்ளது. 13-ஆம் நூற்றாண்டில் கங்க மன்னர் முதலாம் நரசிம்மதேவர் எழுப்பிய இச்சூரியக் கோயில், 24 சக்கரங்களும் ஏழு குதிரைகளும் கொண்ட தேர் வடிவில் அமைந்தது; 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1 முதல் 5 வரை கோனார்க் நடன விழாவும், அருகே சந்திரபாகா கடற்கரையில் மணற்சிற்ப விழாவும் நடைபெறுகின்றன. புயல் அச்சம் பெரிதும் தணிந்து, குளிர் இதமாக இருக்கும் நாள்கள் இவை. பூரிக்கு அருகேயுள்ள ரகுராஜ்பூரில், வீட்டுத் திண்ணைகளிலேயே பட்டச்சித்திரம் தீட்டும் கலைஞர்களைக் காணலாம். ஒடிசி நடன மேதை கேளுசரண் மகாபாத்ரா பிறந்த ஊரும் இதுவே.

வடக்கே: முதலைக் காடும் உள்வாங்கும் கடலும்

கேந்திரபாரா மாவட்டத்தின் பிதர்கனிகா, சுந்தரவனத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய அலையாத்திக் காடாகும். 1975-இல் தொடங்கிய பாதுகாப்புத் திட்டத்தின் பயனாக, இங்குள்ள உவர்நீர் முதலைகளின் எண்ணிக்கை இன்று 1,800-ஐத் தாண்டியுள்ளது. முதலைகளின் இனப்பெருக்கத்துக்காக மே முதல் ஜூலை வரை மூடப்படும் இப்பூங்காவை, மழை நீங்கிய அக்டோபருக்குப் பிறகு காண்பதே ஏற்றது. வெயில் இதமாகும்போது முதலைகள் சேற்றுக்கரையில் ஏறிக் கிடப்பதால், படகிலிருந்தே அவற்றைத் தெளிவாகக் காணலாம்.

இக்காடு காட்சிக்கு மட்டும் உரியதன்று. 1999-ஆம் ஆண்டுப் பெரும்புயலின்போது, கேந்திரபாரா மாவட்டத்தில் அலையாத்திக் காடு அகலமாக இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவாக இருந்ததைப் பிற்கால ஆய்வு எடுத்துக்காட்டியது.

பாலசோருக்கு அருகேயுள்ள சந்திபூரில், வற்றத்தின்போது கடல் ஐந்து கிலோமீட்டர் வரை உள்வாங்குகிறது. பயணிகள் கடல்தரையிலேயே நடந்து சென்று சிப்பிகளையும் செந்நண்டுகளையும் காண்கின்றனர். ஏற்ற நேரத்தை உள்ளூரில் கேட்டறியாமல் தொலைவு செல்வது ஆபத்தானது.

கடலோரத்தின் சில பகுதிகளில் நவம்பர் 1 முதல் மே 31 வரை பங்குனி ஆமைகளின் பாதுகாப்புக்காக மீன்பிடிக்கத் தடை உண்டு. தாமரா, தேவி, ருஷிகுல்யா ஆற்று முகத்துவாரங்களை ஒட்டிக் கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை இத்தடை நடைமுறையில் உள்ளது. ஆமைகளுக்குப் பாதுகாப்பான இம்மாதங்கள், அப்பகுதி மீனவர்களுக்கு வருவாய் சுருங்கும் மாதங்கள் ஆகும். ஆமைகள் கூட்டமாகக் கரையேறி முட்டையிடுவது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் என்பதால், கூதிர் காலத்தில் அக்காட்சியை எதிர்பார்க்க இயலாது.

புயல்: அஞ்ச வேண்டியதும் அறிய வேண்டியதும்

ஒடிசாவைத் தாக்கிய கொடும்புயல்கள் பல இப்பருவத்தில் வந்தவையே. 1999 அக்டோபர் 29 அன்று பாரதீப் அருகே கரைகடந்த பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் உயிரிழந்தனர். 2013 அக்டோபர் 12 அன்று கோபால்பூர் அருகே 'பைலின்' கரைகடந்தபோது ஏறத்தாழ 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டதால் உயிரிழப்பு மிகக் குறைவாகவே இருந்தது. 2024 அக்டோபர் 24 நள்ளிரவை ஒட்டி 'டானா' புயல் பிதர்கனிகாவுக்கும் தாமராவுக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்போது பூரியிலிருந்து சுற்றுலாப் பயணிகள் வெளியேறுமாறு அறிவுறுத்தப்பட்டனர். ஏராளமான ரயில்கள் ரத்தாயின. புவனேஸ்வரம் விமான நிலையம் இரவு முழுவதும் மூடப்பட்டது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை, கடலோரத்தில் பாதகமான வானிலை தொடங்குவதற்கு 72 மணி நேரம் முன்னதாகப் புயல் எச்சரிக்கையின் முதல் அறிவிப்பையும், 48 மணி நேரம் முன்னதாக அடுத்த கட்ட எச்சரிக்கையையும் வெளியிடுகிறது. முதல் அறிவிப்பு வந்த உடனேயே கடற்கரையை விட்டுப் புறப்படுவது அறிவுடைமை. இரண்டாம் அறிவிப்புக்குக் காத்திருந்தால் ரயிலும் பேருந்தும் கிடைக்காமல் போகக்கூடும். உள்ளூர் நிர்வாகம் வெளியேறச் சொல்லும்போது தங்கிவிடும் ஒவ்வொரு பயணியும், கரையோர மக்களைக் காக்க வேண்டிய மீட்புப் படையினருக்குக் கூடுதல் சுமையாகிறார்.

இதைக் கருத்தில்கொண்டு, அக்டோபரில் செல்வோர் திரும்பும் நாளுக்குப் பின் ஓரிரு நாள்களை ஓய்வாக வைத்துக்கொள்வதும், ரத்து செய்யும் வசதியுள்ள அறைகளைப் பதிவு செய்வதும் நல்லது. ரயில்வே தானே ரயிலை ரத்து செய்தால் முழுக் கட்டணமும் திருப்பித் தரப்படும்.

செல்லும் வழி

சென்னை–ஹவுரா ரயில் பாதை ஒடிசா கடற்கரையை ஒட்டியே செல்கிறது. தெற்கிலிருந்து வடக்காக, கோபால்பூருக்குப் பெர்ஹாம்பூரிலும், பார்குலுக்குப் பாலுகானிலும், பூரிக்குக் குர்தா சாலையிலும், பாலி யாத்திரைக்குக் கட்டாக்கிலும், பிதர்கனிகாவுக்குப் பத்ரக்கிலும், சந்திபூருக்குப் பாலசோரிலும் இறங்கலாம். ரம்பாவுக்கும் பாலுகானுக்கும் இடையே ரயில் சிலிகாவின் கரையோரமாகச் செல்லும். அப்போது பகல் பொழுதாக இருந்தால், சாளரத்திலிருந்தே காயலைக் காணலாம்.

* அக்டோபர்: தசரா, பிதர்கனிகா, சந்திபூர், புயல் அறிவிப்புகளை நாள்தோறும் கவனிக்க வேண்டும்.
* நவம்பர்: போயித பந்தனா, பாலி யாத்திரை, மங்களாஜோடி.
* டிசம்பர் முதல் வாரம்: கோனார்க் விழா, மணற்சிற்ப விழா, நளபானா.

நவம்பரில் இங்கு மாலை ஐந்தே கால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். படகுப் பயணங்களைக் காலையிலேயே முடித்துக்கொள்வது பாதுகாப்பு. பறவைகளைக் காண ஏற்ற பொழுதும் அதுவே.