பாட்டுக்குச் சொந்தக்காரர்

பாரதியார் 1921-ல் காலமானார். பிறகு அவர் பாட்டுக்கு எத்தனை சொந்தக்காரர்கள்! நூலுரிமை தம்பி விசுவநாதனிடம். இசைத்தட்டு உரிமை ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம். டி. கே. எஸ். சகோதரர்கள் 1948-ல் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாட்டைச் சேர்க்கப்போய்த் தகராறில் மாட்டிக்கொண்டார்கள். தேசத்துக்குப் பாடியவன் பாட்டுக்கு வேலியா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். 1949-ல் சென்னை சர்க்கார் உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியார் காசு வாங்காமலே விட்டுக்கொடுத்தார் என்பதை இங்கே சொல்லாவிட்டால் பாவம்.

இன்றோ, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் பல்லாவரம் வருவதற்குள் யாராவது கைப்பேசியில் என் நாவல் முழுவதையும் காட்டிவிடுகிறார்கள். “பாரதியே பொதுச்சொத்துதானே, சார்?” என்றார் ஓர் அன்பர். வாஸ்தவம். ஆனால் அன்றைக்கு சர்க்கார் செல்லம்மாளுக்கும் இரு பெண்களுக்கும் பணம் கொடுத்துத்தான் பொதுவாக்கிற்று. சட்டப்படி என் எழுத்து நான் இறந்தபின்னும் அறுபது ஆண்டு என் குடும்பத்துக்குச் சொந்தம். அன்பர் அதுவரை காத்திருக்கத் தயாராக இல்லை.