கதவுக் கொக்கி

கீல்களில் சுழலும் கதவைத் திறந்த நிலையில் நிறுத்திவைத்து, வேண்டும்போது விடுவிக்கும் அமைப்பு கதவுக் கொக்கி எனப்படும். சுவரில் தொங்கும் கொக்கியைக் கதவிலுள்ள வளையத்தில் மாட்டுவது இதன் எளிய வடிவம். கதவு வந்து மோதியதும் ஸ்பிரிங்கின் விசையால் தானே கவ்விக்கொண்டு, சற்று வலிந்து இழுத்தால் விட்டுவிடும் வகையும் உண்டு.

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலைகளில் இச்சிறு பொருளுக்கு உயிர்காக்கும் மதிப்பு உண்டு. அங்கே வெடிமருந்துக் கலவை செய்யும் அறைகளும் அதனை நிரப்பும் அறைகளும் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத் தனித்தனியே கட்டப்படுகின்றன. அவற்றின் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்பது, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு செயற்படுத்தும் 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின் தேவைகளுள் ஒன்று. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவை கலந்த மருந்து பற்றிக்கொண்டால் தப்பியோடச் சில நொடிகளே கிடைக்கும்; கொக்கியால் நிறுத்தப்படாமல் காற்றில் அடித்துச் சாத்திக்கொள்ளும் கதவு அந்த நொடிகளையும் பறித்துவிடும். இரும்பு இரும்போடு உரசினால் தீப்பொறி எழக்கூடும் என்பதால், இவ்வறைகளின் கொக்கிக்கும் வளையத்திற்கும் பித்தளையே ஏற்றது.

மருத்துவமனை, தங்கும் விடுதி ஆகியவற்றின் தீத்தடுப்புக் கதவுகளில் தேவை நேர்மாறானது: மின்காந்தம் திறந்து பிடித்திருக்கும் கதவு, எச்சரிக்கை மணி இயங்கியதும் மின்னோட்டம் துண்டிக்கப்பட, மூடுவிசையால் தானே சாத்திக்கொண்டு புகையைத் தடுக்கும். வெளியேறும் வழியைத் திறந்தே வைக்க வேண்டிய வெடிமருந்து அறைக்கு இவ்வகை பொருந்தாது.