பந்தியும் உண்டியலும்

மயிலையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நமக்கு, ஆண்டின் போக்கை உணர்த்துபவை திருவிழாக் கொடிகளே. பங்குனியில் கபாலீசுவரர் கோயிலில் கொடி ஏறுகிறது. உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின்வரும் வாரங்களில் சின்னமலையில் ஆரோக்கிய அன்னையின் திருவிழா வருகிறது. ஆகஸ்டு 29ஆம் நாள் பெசன்ட் நகர்க் கடலோரத்தில் வேளாங்கண்ணி அன்னையின் கொடி ஏறியதும், செப்டம்பர் 8 வரை நகரின் எல்லாத் திசைகளிலிருந்தும் காவி உடை அணிந்த மக்கள் நடந்தே வந்து சேர்கின்றனர். டிசம்பர் 18 பரங்கிமலைக்கு உரிய நாள். அதே மாதத்தில் மயிலையிலும் தியாகராய நகரிலும் சபாக்களின் வாயில்களில் கச்சேரி அட்டவணைகள் தொங்குகின்றன.

இக்கூட்டங்களின் தெய்வங்கள் வேறு, பாடல்கள் வேறு. ஆயினும் எல்லாவற்றிலும் இரண்டு பொருள்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. ஒன்று பந்தி, மற்றொன்று உண்டியல். மக்கள் கூடுமிடத்தில் உணவு பரிமாறப்படுகிறது; அங்கேயே ஏதோ ஒரு பொதுப்பணிக்காகப் பணமும் திரட்டப்படுகிறது. உண்டியல் எவ்வளவு நிறைந்தது என்பதை மறுவாரமே அறிவித்துவிடுகிறோம். பந்தியில் யார் அமர்ந்தார், யார் அமரவில்லை என்பதை எந்த அறிக்கையிலும் எழுதுவதில்லை. எழுதப்படாத அந்தக் கணக்கை வரலாற்றின் துணைகொண்டு சிறிது எண்ணிப் பார்ப்பது நலம்.

மயிலைக்கு இது பழைய செய்தி. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இவ்வூரில் பாடிய பூம்பாவைத் திருப்பதிகம் ஊரின் ஆண்டு விழாக்களை வரிசைப்படுத்துகிறது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று அது செல்கிறது. இறந்துபோன ஒரு பெண்ணிடம், இவற்றையெல்லாம் காணாமல் போய்விடலாமா என்று கேட்கும் பாடல் அது. வாழ்வுக்குத் திரும்பி வர அவளுக்குக் காட்டப்படும் காரணங்கள் ஊர் மக்கள் கூடும் நாட்களே. அவற்றுள் முதற்பாடலே அடியார்களுக்கு உணவு படைப்பதைப் பேசுகிறது; தைப்பூசப் பாடலிலும் நெய் சேர்ந்த சோறு வருகிறது. இன்றும் அறுபத்துமூவர் திருநாளன்று மாடவீதிகளில் நீர்மோரும் பானகமும் சோறும் வழங்கும் பந்தல்களைக் காண்கிறோம். பந்தலில் நிற்பவர், கை நீட்டுபவரின் ஊரையோ பெயரையோ கேட்பதில்லை.

திருச்சபையின் தொடக்க காலத்திலும் பந்தியும் உண்டியலும் இணைந்தே இருந்தன. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் இரண்டையும் பற்றிப் பேசுகிறார். பதினோராம் அதிகாரத்தில், ஆண்டவரின் திருவிருந்துக்குக் கூடியவர்களுள் ஒருவர் பசித்திருக்க மற்றொருவர் குடிவெறி கொள்வதைக் கண்டு சினம் கொள்கிறார். பதினாறாம் அதிகாரத்தில், எருசலேமின் ஏழை மக்களுக்காக வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வரவுக்கு ஏற்றபடி சேமித்து வைக்குமாறு கேட்கிறார். இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். முதலில் பந்தியைச் சரிசெய்தார். பிறகுதான் பணம் கேட்டார். உள்ளூர்ப் பந்தியில் ஏழையை வெட்கப்படுத்திவிட்டுத் தொலைவிலுள்ள ஏழைக்கு நிதி அனுப்புவதில் பொருளில்லை என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

கொடையின் நல்ல வடிவம் எது என்று கேட்டால், நம் பகுதியிலேயே ஒரு சான்று உண்டு. சின்னமலைக்கும் பரங்கிமலைக்கும் செல்லும் திருப்பயணிகள் ஒரு காலத்தில் அடையாற்றைக் கடக்க இடர்ப்பட்டனர். 1726இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் சைதாப்பேட்டையில் தம் சொந்தச் செலவில் ஒரு பாலம் கட்டினார். அதைப் பேணுவதற்கென்று தனியே ஒரு தொகையும் வைத்தார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் கொடையே. அந்தப் பாலத்தை ஆங்கிலேயர் மார்மலாங் பாலம் என்றனர். மாம்பலம் என்ற பெயரின் திரிபு அது என்பர். 1960களில் அதன் இடத்தில் புதிய பாலம் எழுந்தது. அது இன்று மறைமலையடிகள் பெயரைத் தாங்கி நிற்கிறது. உஸ்கானின் கொடையில் நமக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பாலம் ஆள் பார்ப்பதில்லை. மலைக்குச் சென்ற கத்தோலிக்கரும், சந்தைக்குச் சென்ற உழவரும், தொழுகைக்குச் சென்ற இசுலாமியரும் அதே கல்லின் மீது நடந்தனர். கொடுத்தவர் மறைந்த பின்னும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அது எல்லாருக்கும் பொதுவான ஒரு பந்தியாகவே விளங்கியது.

தனியொருவரின் செல்வத்தால் அன்றி, பலர் கூடித் திரட்டிய நிதிக்கும் மயிலையில் எடுத்துக்காட்டு உண்டு. 1905இல் சுவாமி இராமகிருஷ்ணானந்தர் இங்கே ஆதரவற்ற சிறுவர் சிலரை வைத்து மாணவர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அவருக்குத் துணைநின்றவர்கள் சி. இராமசாமி ஐயங்காரும் சி. இராமானுஜாசாரியாரும். சொந்தக் கட்டடத்துக்கு இல்லம் குடிபெயர்ந்தது 1921இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தச் சிறுவர்களின் சோற்றுக்கு வழி தேடுவதே பெரும் பணியாக இருந்தது. இராமானுஜாசாரியார் அரசுச் செயலகத்தில் பணியாற்றியவர். உடன் பணியாற்றியவர்களைச் சேர்த்து அவர் அமைத்த நாடகக் குழுவுக்குச் செக்ரடேரியட் பார்ட்டி என்று பெயர். பகலில் கோப்புகளைப் பார்த்தவர்கள் மாலையில் வேடம் கட்டினர். நாடக வருவாய் மாணவர் இல்லத்துக்குச் சென்றது. நாடகம் பார்க்க வந்தவர்கள் அறியாமலே ஒரு பந்திக்கு அரிசி அளந்தார்கள்.

இசை விழாவின் வரலாற்றிலும் இத்தகைய கொடை உண்டு. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்ததே மியூசிக் அகாடமி. அங்கிருந்து வளர்ந்த மார்கழிப் பருவத்தின் மேடைகளில் புகழ்பெற்ற எம். எஸ். சுப்புலட்சுமி, தம் குரலால் திரட்டித் தந்த நிதி பல பொதுப்பணிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1974இல் அவருக்கு வழங்கப்பட்ட மகசேசே விருது இசைக்கென்று அன்றி, பொதுத்தொண்டுக்கென்றே வழங்கப்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

இதுவரை சொன்னவை நெஞ்சுக்கு இதமானவை. வரலாறு இதமானவற்றை மட்டும் சொல்வதில்லை.

1922இல் வ. வே. சு. ஐயர் நெல்லைச் சீமையின் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் ஒன்றை நிறுவினார். நாட்டுப்பற்றும் தமிழ்ப்பற்றும் மிக்க இளைஞரை உருவாக்குவது அவர் நோக்கம். எல்லாச் சமூகத்தாரும் அதற்கு நிதி அளித்தனர். தமிழ்நாடு காங்கிரசு கமிட்டி 10,000 ரூபாய் தர இசைந்து, முதல் தவணையாக 5,000 ரூபாயைக் கொடுத்தது. பின்னர் ஒரு செய்தி வெளிவந்தது. பிராமணச் சிறுவர் இருவர், அவர்கள் பெற்றோர் விரும்பியபடி, மற்ற மாணவரோடு அமராமல் தனியே உண்டு வந்தனர். பெரியார் ஈ. வெ. ராமசாமியும் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடுவும் கொதித்தெழுந்தனர். காந்தியடிகள் வரை சென்ற அந்த வழக்கு 1925இல் தமிழகக் காங்கிரசையே பிளந்தது. அதே ஆண்டு ஜூனில், பாபநாசம் அருவியில் விழுந்த தம் மகளைக் காப்பாற்ற முயன்று ஐயர் உயிர் துறந்தார். அவர் தியாகத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அந்த நிகழ்ச்சி எழுப்பிய கேள்வி அவரோடு மறையவில்லை: எல்லாரிடமும் பெற்ற பணத்தில் சமைத்த சோற்றை எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணக் கூடாதா?

இதைப் படித்துப் பிறர் குறையைக் கண்டுகொண்டதாக நாம் நிறைவடைந்துவிடக் கூடாது. தமிழகத்தின் பழைய கத்தோலிக்க ஆலயங்கள் சிலவற்றில் சாதிக்கொரு பகுதி இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பப்பட்டது. தேர் எந்தத் தெருவில் திரும்பும், எந்தத் தெருவில் திரும்பாது என்பதற்கு எழுதாச் சட்டம் இருந்தது. சில இடங்களில் அது முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. தேருக்கான வரியை மட்டும் எல்லாத் தெருவிலும் கேட்டு வாங்கினோம்.

கடலுக்கு அப்பாலும் ஒரு காட்சியைக் காண்போம். அமெரிக்காவின் பூர்வகுடிகளுள் ஒன்றான செரோக்கி மக்கள் 1838, 1839ஆம் ஆண்டுகளில் தம் மண்ணிலிருந்து படையினரால் விரட்டப்பட்டு, வழியில் பல்லாயிரவரை இழந்து, இன்றைய ஒக்லகோமாவுக்கு வந்து சேர்ந்தவர்கள். அங்கே குளிர் விடைபெறும் நாட்களில் அவர்கள் காட்டு வெங்காயத்தைப் பறித்து வந்து, முட்டையோடு சமைத்து, கோயில்களிலும் ஊர்க் கூடங்களிலும் விருந்து வைக்கின்றனர். உண்பவர் தரும் தொகை கோயில் பணிக்கும் ஊர்ப் பணிக்கும் போகிறது. காட்டில் தானே முளைத்ததைப் பறிக்க ஒருவர், கழுவ ஒருவர், சமைக்க ஒருவர். பணம் இல்லாதவரும் இவ்விருந்தில் கொடையாளரே. அவர் கைகளின் உழைப்பு அதில் இருக்கிறது. அவர்களைப் போலவே விரட்டப்பட்ட சாக்டா மக்கள், 1847இல் அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தைக் கேள்விப்பட்டுத் தம் வறுமையிலிருந்து 170 டாலர் திரட்டி அனுப்பினர். அந்த நன்றியை அயர்லாந்து மக்கள் மறக்கவில்லை. 2020இல் கொரோனா பெருந்தொற்றில் நவஹோ, ஹோப்பி என்னும் வேறு பூர்வகுடிகள் வாடியபோது, சாக்டாக்களின் பெயரை நினைவுகூர்ந்து அயர்லாந்தினர் நிதி அனுப்பினர். பசியை அறிந்தவர் கொடுத்த கொடை 173 ஆண்டுகள் கழித்தும் பலன் தந்தது.

நம் கடற்கரையும் இத்தகைய நாட்களைக் கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப்பேரலை சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர்க் குப்பங்களில் புகுந்தது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை கடந்து, சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளை மூழ்கடித்தது. இரண்டும் நிகழ்ந்தது திருவிழாப் பருவத்தில்தான். எனினும் அப்போது கூடிய கூட்டத்துக்கு எவரும் கொடி ஏற்றவில்லை. கோயில்களும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் கதவு திறந்தன. பொட்டலம் கட்டியவர் யார், பிரித்து உண்டவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. மாடிவீட்டுக்காரரும் குடிசைக்காரரும் ஒரே தரையில் அமர்ந்து உண்டனர். நீர் வடிந்தது. அவரவர் வீட்டுக்குத் திரும்பினோம். அந்தப் பந்தியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோமோ என்ற ஐயம் நமக்கு எழுகிறது.

ஐயத்துக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கின் திருவிழாவில் நாம் கலந்துகொண்டோம். திருப்பலி சிறப்பாக நடந்தது. ஒலிபெருக்கியில் நன்கொடையாளர் பெயர்கள் தொகையோடு வாசிக்கப்பட்டன. பெரிய தொகைகள் முதலில், சிறியவை பின்னர். நேரமின்மையால் கடைசிப் பெயர்கள் விடுபட்டன. விருந்தில் நன்கொடையாளருக்கு மின்விசிறியின் கீழ் நாற்காலியும் வாழை இலையும். மற்றவர்க்கு வாயிலுக்கு வெளியே வரிசையும் பொட்டலமும். இரவு தேர் நிலைக்கு வந்தபின், தெருவில் சிதறிய இலைகளையும் காகிதங்களையும் கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் நால்வரிடம், சாப்பிட்டீர்களா அம்மா என்று கேட்டோம். "எங்களுக்கு யாரும் சொல்லலீங்க" என்றார் ஒருவர். அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. அதுவே நம்மை மிகவும் வருத்தியது. நாமும் அன்று மின்விசிறியின் கீழ் அமர்ந்து உண்டவர்கள்தாம்.

எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து, மக்கள் பணம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நம் ஆண்டவர். இரண்டு காசு போட்ட கைம்பெண் அவர் கண்ணில் பட்டாள். நம் திருவிழாக்களிலும் அவர் அப்படி அமர்ந்திருப்பாரானால், அவருடைய கண் உண்டியலோடு நிற்காமல் பந்தியையும் நோக்கும். இருவரையும் ஒருங்கே பார்ப்பார்: பெயர் வாசிக்கப்படாத கைம்பெண்ணையும், அழைக்கப்படாத கூட்டுபவளையும். பல வேளைகளில் இருவரும் ஒருவரே.

பெரிய மாற்றங்களை நாம் கேட்கவில்லை. அடுத்த திருவிழாவுக்குக் குழு கூடும்போது, வரவுசெலவுத் திட்டத்தை எழுதும் முன்னர் பந்தியின் பட்டியலை எழுதுவோம். தெருவைக் கூட்டுபவர், பந்தல் கட்டுபவர், தேருக்கு விளக்குப் பிடிப்பவர், பாத்திரம் கழுவுபவர் ஆகியோரை முதல் வரிசையில் எழுதுவோம். பெரிய நன்கொடையாளர் அவர்களுக்கு நடுவே அமரட்டும். அவருக்கும் அதைவிடப் பெரிய மரியாதையை நம்மால் தர இயலாது. பெயர்களைப் படிக்க வேண்டுமென்றால் தொகையை விட்டுவிட்டு அகரவரிசையில் படிப்போம். ஒன்றும் விடாமல் படிப்போம்.

உண்டியல் அப்போதும் நிறையும். ஒருவேளை சற்றுக் குறையவும் கூடும். குறைந்தாலும் கவலை இல்லை. இலை போட்ட இடத்தில் எவர்க்கும் இடமில்லை என்று சொல்லாத ஓர் ஆண்டு நம் பங்கின் வரலாற்றில் எழுதப்படும்.