டபிள்யூடபிள்யூஈ நிகழ்பட நூலகம்

டபிள்யூடபிள்யூஈ நிகழ்பட நூலகம் என்பது அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஈ தன் உடைமையாக வைத்துள்ள மல்யுத்த நிகழ்ச்சிப் பதிவுகளின் தொகுப்பு ஆகும். இந்நிறுவனம் தானே தயாரித்த நிகழ்ச்சிகளுடன், அதனோடு ஒரு காலத்தில் போட்டியிட்டு மறைந்துபோன பல நிறுவனங்களின் ஒளிநாடாக்களும் இதில் அடங்கும். நிறுவனத்தின் அறிவிப்புகளின்படி இத்தொகுப்பு 1,00,000 மணிநேரத்திற்கும் மேற்பட்டது. 1980களிலும் 1990களிலும் நடந்த அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சிகளை இன்று மீண்டும் பார்க்க விரும்புவோர் பெரும்பாலும் இந்நூலகத்திலிருந்து வெளிவரும் பதிவுகளையே சார்ந்துள்ளனர். ஆகவே எது எஞ்சியுள்ளது, எது நீக்கப்பட்டுள்ளது, எது எந்த விளக்கத்துடன் காட்டப்படுகிறது என்பவை மல்யுத்த வரலாற்றை அறிவதில் முதன்மை பெறுகின்றன.

பின்னணி

தொழில்முறை மல்யுத்தம் என்பது முடிவுகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஓர் அரங்கக் கலை. அதில் வெற்றி தோல்விப் பட்டியல் மட்டும் ஒரு போட்டியைப் பற்றி அதிகம் சொல்லாது. வீரர்களின் உடல்மொழி, கூட்டத்தின் ஆரவாரம், வருணனையாளரின் குரல் ஆகியவற்றில்தான் அதன் பொருள் உள்ளது. எனவே பதிவு அழிந்தால் அப்போட்டியும் ஏறத்தாழ அழிந்ததாகிவிடும்.

1980களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் மல்யுத்தம் வட்டார நிறுவனங்களின் கையில் இருந்தது. 1948ல் தொடங்கப்பட்ட தேசிய மல்யுத்தக் கூட்டமைப்பு (என்டபிள்யூஏ) இவற்றுள் பலவற்றை இணைத்தது. ஒவ்வொரு நிறுவனமும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் வாரம் ஒரு நிகழ்ச்சி நடத்தியது. அந்நிகழ்ச்சியின் நோக்கம் அடுத்து அரங்கில் நடக்கவுள்ள போட்டிக்கு நுழைவுச்சீட்டு விற்பதே. போட்டி நடந்து முடிந்ததும் பழைய நிகழ்ச்சிக்கு வணிக மதிப்பு எதுவும் இருக்கவில்லை. ஒளிநாடாவோ விலை மிகுந்தது. அதனால் பல நிலையங்கள் ஒரே நாடாவின் மேல் மீண்டும் மீண்டும் பதிவு செய்தன. 1960கள், 1970களின் வட்டார நிகழ்ச்சிகள் பல இவ்வாறு அழிந்தன.

இரண்டு மாற்றங்கள் பழைய பதிவுகளுக்கு மதிப்பைத் தந்தன. முதலாவது, வீட்டு நிகழ்படக் கருவிகளின் வருகை. பீட்டாமேக்ஸ் 1975லும், விஎச்எஸ் 1976லும் சப்பானில் அறிமுகமாயின. இரண்டாவது, வின்ஸ் மெக்மான் 1982ல் தன் தந்தையிடமிருந்து நிறுவனத்தை வாங்கி, அப்போது டபிள்யூடபிள்யூஎஃப் என்று அறியப்பட்ட அதனை நாடு முழுவதும் விரிவாக்கியது. 1985 மார்ச் 31 அன்று நியூயார்க்கின் மேடிசன் சதுக்கத் தோட்டத்தில் முதல் 'ரெசில்மேனியா' நடைபெற்றது. அதே ஆண்டில் கொலிசியம் வீடியோ என்ற பெயரில் மல்யுத்த ஒளிநாடாக்கள் கடைகளுக்கு வந்தன.

இரசிகர்களின் நாடாப் பரிமாற்றம்

நிறுவனங்கள் தம் பதிவுகளைப் பேணத் தொடங்கும் முன்பே இரசிகர்கள் அப்பணியைச் செய்தனர். வேறு ஊரில் ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியைப் பார்க்க இயலாதவர்கள், தம் ஊர் நிகழ்ச்சியைப் பதிவு செய்து அஞ்சல் வழியாக மாற்றிக்கொண்டனர். சப்பானிய, மெக்சிக்க மல்யுத்தம் அமெரிக்க இரசிகர்களுக்கு அறிமுகமானதில் இப்பரிமாற்றத்திற்குப் பெரும் பங்கு உண்டு. நகலிலிருந்து நகல் எடுக்கும்போது படம் மங்கியது, குரல் இரைந்தது. எனினும் முதல்நாடா அழிந்துபோன சில நிகழ்ச்சிகள் இத்தகைய நகல்களில் மட்டுமே எஞ்சியுள்ளன.

நூலகத்தின் வளர்ச்சி

நூலகத்தின் பெரும் விரிவு 2001ல் நிகழ்ந்தது. டெட் டர்னரின் ஊடக நிறுவனம் 1988ல் ஜிம் கிராக்கெட்டின் மல்யுத்த நிறுவனத்தை வாங்கி, டபிள்யூசிடபிள்யூ என்ற பெயரில் நடத்திவந்தது. 2001ல் டர்னர் தொலைக்காட்சி அலைவரிசைகள் மல்யுத்த நிகழ்ச்சிகளை நிறுத்த முடிவு செய்தன. ஒளிபரப்பு நேரம் இல்லாத மல்யுத்த நிறுவனத்தை வாங்க முன்வந்த மற்றொரு குழு பின்வாங்கியது. அதன் பின்னர் பெயர், வணிகக் குறிகள், ஒளிநாடாக்கள் ஆகியவற்றை டபிள்யூடபிள்யூஎஃப் ஏறத்தாழ 25 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் தன்னைத் தொடர்ந்து 83 வாரங்கள் பார்வையாளர் எண்ணிக்கையில் தோற்கடித்த நிகழ்ச்சியின் பதிவுகள் இவ்வாறு அதன் கைக்கு வந்தன.

வாங்கப்பட்ட முதன்மைத் தொகுப்புகள் பின்வருமாறு:

- 2001 - டபிள்யூசிடபிள்யூ (அட்லாண்டா). ஜிம் கிராக்கெட் நிறுவனத்தின் பதிவுகளும் இதனுடன் வந்தன.
- 2003 - இசிடபிள்யூ (பிலடெல்பியா). 2001ல் நொடித்துப்போன நிறுவனம்.
- 2003 - ஏடபிள்யூஏ (மினியாப்பொலிஸ்). வெர்ன் கான்யே 1960ல் தொடங்கியது.
- 2006 - வேர்ல்ட் கிளாஸ் (டல்லாஸ்). வான் எரிக் குடும்பத்தின் நிறுவனம்.
- 2012 - மிட்-சவுத். பில் வாட்ஸ் லூசியானா, ஒக்லகோமா முதலிய மாநிலங்களில் நடத்தியது.

வெளியீட்டு வழிகள்

2004ல் டபிள்யூடபிள்யூஈ தன் பழைய நிகழ்ச்சிகளுக்கெனக் கம்பிவடத் தொலைக்காட்சிச் சேவை ஒன்றைத் தொடங்கியது. அதே ஆண்டில் இசிடபிள்யூவின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கூறும் ஆவணப்படம் குறுவட்டாக வெளிவந்தது. அதற்குக் கிடைத்த வரவேற்பைத் தொடர்ந்து 2005 ஜூன் 12 அன்று நியூயார்க்கில் பழைய இசிடபிள்யூ வீரர்கள் கூடிய 'ஒன் நைட் ஸ்டாண்ட்' என்ற நிகழ்ச்சி நடத்தப்பட்டது. மறைந்துபோன ஒரு நிறுவனத்தின் பழம் பதிவுகள் புதிய நிகழ்ச்சிக்கு வழிவகுத்தமைக்கு இது எடுத்துக்காட்டாகும்.

2014 பெப்ரவரி 24 அன்று டபிள்யூடபிள்யூஈ நெட்வொர்க் என்ற இணையவழிச் சேவை மாதம் 9.99 டாலர் கட்டணத்தில் தொடங்கியது. ஒவ்வொன்றையும் தனித்தனியே விலைகொடுத்துப் பார்த்த பழைய பெருநிகழ்ச்சிகள் அனைத்தும் முதன்முறையாக ஒரே இடத்தில் கிடைத்தன. 2015 ஜனவரியில் அதன் சந்தாதாரர் எண்ணிக்கை 10 இலட்சத்தை எட்டியது. 2021ல் அமெரிக்காவில் இச்சேவை பீகாக் தளத்திற்கு மாற்றப்பட்டது. 2025 ஜனவரி முதல் பல நாடுகளில் நெட்ஃபிளிக்ஸ் தளம் நிகழ்ச்சிகளை வழங்கத் தொடங்கியது. இந்தியாவில் இம்மாற்றம் 2025 ஏப்ரலில் நடைபெற்றது. 2024ல் பழைய பதிவுகளுக்கென யூடியூப் தளத்தில் தனி அலைவரிசை ஒன்றும் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சில நிகழ்ச்சிகள் புதிதாகக் கிடைப்பதும் வேறு சில கிடைக்காமல் போவதும் உண்டு.

திருத்தங்களும் நீக்கங்களும்

நூலகத்திலிருந்து வெளிவரும் பதிவுகள் எப்போதும் முதலில் ஒளிபரப்பான வடிவிலேயே இருப்பதில்லை. மாற்றங்களுக்கான காரணங்கள் பலவகைப்பட்டவை.

இசை: வீரர்கள் அரங்கினுள் நுழையும்போது ஒலித்த புகழ்பெற்ற பாடல்களின் உரிமை வேறு நிறுவனங்களுடையது. இசிடபிள்யூ இத்தகைய பாடல்களை மிகுதியாகப் பயன்படுத்தியது. மறுவெளியீடுகளில் இவற்றிற்குப் பதிலாக வேறு இசை சேர்க்கப்பட்டது. பாடலுடன் சேர்ந்து பாடிய கூட்டத்தின் குரலும் இதனால் சில இடங்களில் இழக்கப்பட்டது.

முத்திரை: உலக இயற்கை நிதியத்துடனான வழக்கைத் தொடர்ந்து 2002 மே மாதம் டபிள்யூடபிள்யூஎஃப் தன் பெயரை டபிள்யூடபிள்யூஈ என மாற்றியது. அதன் பின் 1990களின் இறுதிக்கால நிகழ்ச்சிகளில் காணப்படும் பழைய முத்திரை மங்கலாக்கப்பட்டது. 2012ல் ஏற்பட்ட உடன்பாட்டிற்குப் பின்னரே இவ்வழக்கம் கைவிடப்பட்டது.

உள்ளடக்கம்: 1990ல் நடந்த ஆறாம் ரெசில்மேனியாவில் வெள்ளை இனத்தவரான ரோடி பைப்பர், கறுப்பினத்தவரான பேட் நியூஸ் பிரவுனுக்கு எதிராகத் தன் உடலின் ஒரு பாதிக்குக் கறுப்பு வண்ணம் பூசித் தோன்றினார். 2021ல் பீகாக் தளம் இப்பகுதியை நீக்கியது. இனவெறுப்பைக் காட்டும் காட்சியை நீக்குவது சரியே என்று சிலரும், நீக்குவதால் அது நடந்ததே மறைக்கப்படுகிறது என்று வேறு சிலரும் கருதினர்.

உயிரிழப்பு: 1999 மே 23 அன்று கேன்சஸ் நகரில் நடந்த 'ஓவர் த எட்ஜ்' நிகழ்ச்சியில் ஓவன் ஹார்ட் அரங்கின் கூரையிலிருந்து இறக்கப்படும்போது விழுந்து உயிரிழந்தார். அந்நிகழ்ச்சி ஒளிநாடாவாக விற்கப்படவில்லை. 2014ல்தான் அது நினைவஞ்சலியுடன், திருத்தப்பட்ட வடிவில் இணையத்தில் வந்தது. 2007 ஜூனில் கிறிஸ் பென்வா தன் மனைவியையும் மகனையும் கொன்று தற்கொலை செய்துகொண்ட பின், அவர் பெயரை நிறுவனம் தன் வெளியீடுகளில் பெரும்பாலும் தவிர்த்தது. 2014ல் தொடங்கிய இணையச் சேவையில் அவருடைய போட்டிகள் இடம்பெற்றன. ஆனால் அவர் பெயர் முன்னிறுத்தப்படவில்லை.

மீண்டும் பார்த்தலின் பயன்

பழைய நிகழ்ச்சிகளை வரிசையாகப் பார்ப்போர், அவை ஒளிபரப்பானபோது பார்த்தவர்களுக்குக் கிடைக்காத சில வசதிகளைப் பெறுகின்றனர்.

முதலாவது ஒப்பீடு. 1995 செப்டம்பர் 4 முதல் 2001 மார்ச் 26 வரை டபிள்யூடபிள்யூஎஃபின் 'ரா' நிகழ்ச்சியும் டபிள்யூசிடபிள்யூவின் 'நைட்ரோ' நிகழ்ச்சியும் திங்கள் இரவுகளில் போட்டியிட்டன. அன்று பார்த்தவர்கள் இரு அலைவரிசைகளுக்கும் இடையே மாறி மாறிப் பார்த்தனர். இன்று இரண்டையும் முழுமையாகப் பார்க்க இயலும். 1999 ஜனவரி 4 அன்று, 'ரா'வில் மிக் ஃபோலி சாம்பியன் பட்டம் வெல்லப்போவதை 'நைட்ரோ' வருணனையாளர் முன்கூட்டியே கேலியாக அறிவித்தார். ஃபோலியின் போட்டி சில நாட்களுக்கு முன்பே பதிவு செய்யப்பட்டிருந்ததால் முடிவு வெளியில் தெரிந்திருந்தது. அறிவிப்பைக் கேட்ட பலர் அப்போட்டியைப் பார்க்க 'ரா'விற்கு மாறினர். அதே இரவில் 'நைட்ரோ'வின் முதன்மைப் போட்டியில் ஹல்க் ஹோகன் விரலால் தொட்டவுடன் கெவின் நாஷ் விழுந்து பட்டத்தை விட்டுக்கொடுத்தார். இரு பதிவுகளையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, ஓர் அரங்கில் கூட்டம் மகிழ்ந்து எழுவதையும் மற்றோர் அரங்கில் முதன்மைப் போட்டி சில நொடிகளில் முடிந்துபோவதையும் காணலாம்.

இரண்டாவது, பின்னர் வெளிவந்த செய்திகளின் துணை. 1997 நவம்பர் 9 அன்று மொன்றியலில் பிரெட் ஹார்ட் தோல்வியை ஒப்புக்கொள்ளாத நிலையிலேயே, மெக்மானின் ஆணைப்படி மணி அடிக்கப்பட்டு ஷான் மைக்கேல்ஸ் வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஹார்ட்டுக்கு இது முன்னரே தெரிவிக்கப்படவில்லை. திரைக்குப் பின் நடந்தவற்றை 1998ல் வெளிவந்த ஒரு கனடிய ஆவணப்படம் காட்டியது. அதனை அறிந்தபின் அப்போட்டியின் இறுதி நிமிடங்கள் வேறு பொருள் தருகின்றன.

மூன்றாவது, உடல்நலம் பற்றிய இன்றைய அறிவு. 1999 ஜனவரியில் நடந்த ஒரு போட்டியில் கைகள் விலங்கிடப்பட்ட நிலையில் ஃபோலியின் தலையில் 10 முறைக்கு மேல் இரும்பு நாற்காலியால் அடிக்கப்பட்டது. அன்று அது துணிவின் அடையாளமாகக் கொண்டாடப்பட்டது. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிகள் மூளைக்குச் செய்யும் கேடு பின்னர் பரவலாக உணரப்பட்டது. 2010ல் டபிள்யூடபிள்யூஈ தலையில் நாற்காலியால் அடிப்பதைத் தடைசெய்தது. முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்டது என்றாலும் அடி உண்மையானது என்பதை இத்தகைய பதிவுகள் உணர்த்துகின்றன.

திறனாய்வு

ஒரே நிறுவனம் தன் வரலாற்றையும் தன் போட்டியாளர்களின் வரலாற்றையும் வைத்திருப்பதால் ஏற்படும் சிக்கல்கள் சுட்டிக்காட்டப்பட்டுள்ளன. டபிள்யூசிடபிள்யூ பற்றி நிறுவனம் வெளியிட்ட ஆவணப்படங்கள் பெரும்பாலும் வென்றவரின் பார்வையில் அமைந்தவை. 2005ல் அல்டிமேட் வாரியர் என்ற வீரரைப் பற்றி வெளியான குறுவட்டு அவரைக் கடுமையாக இகழ்ந்தது. 2014ல் அதே நிறுவனம் அவரைத் தன் புகழ்மன்றத்தில் சேர்த்துப் போற்றியது. அவர் நடித்த போட்டிகள் மாறவில்லை. அவற்றைச் சுற்றிச் சொல்லப்பட்ட கதையே மாறியது.

பதிவுகளில் தோன்றுபவர்களுக்கு உரிய பங்கு குறித்தும் வழக்குகள் எழுந்துள்ளன. வருணனையாளராக இருந்த ஜெசி வென்சுரா, ஒளிநாடா விற்பனையில் தமக்குரிய பங்கு தரப்படவில்லை என்று தொடுத்த வழக்கில் 1994ல் அவருக்கு 8 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகை வழங்கத் தீர்ப்பளிக்கப்பட்டது. 1995ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனை உறுதி செய்தது.

நூலகத்தில் அடங்காதவை

உலக மல்யுத்தப் பதிவுகள் அனைத்தும் இந்நூலகத்தில் இல்லை. 1972ல் அந்தோனியோ இனோக்கி தொடங்கிய நியூ சப்பான் நிறுவனம் 2014 டிசம்பரில் தனக்கென இணையவழிச் சேவையைத் தொடங்கியது. பிரித்தானியாவில் 1988 வரை சனிக்கிழமைகளில் ஐடிவி ஒளிபரப்பிய மல்யுத்தம் தனி மரபைச் சேர்ந்தது. 1950களில் நேரடி ஒளிபரப்பாக நடந்த பல அமெரிக்க நிகழ்ச்சிகள், தொலைக்காட்சித் திரையைப் படமெடுத்த திரைப்படச் சுருள்களாகவே எஞ்சியுள்ளன.

இவற்றையும் பார்க்க

- மல்யுத்தம்
- ரெசில்மேனியா
- தேசிய மல்யுத்தக் கூட்டமைப்பு
- ஆவணக் காப்பகம்